துணுக்கும் சான்றும்: ஒரு குகை விளையாட்டை முன்வைத்து

முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளை முடிவு செய்யும் கூட்டம் ஒன்றில் அண்மையில் அமர்ந்திருந்தோம். உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவி, 'வெண்பா' என்னும் கணினி விளையாட்டில் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் காட்டப்படும் விதத்தை ஆராய விரும்புவதாக எழுதித் தந்திருந்தார். குழுவின் மூத்தவர் அத்தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "காரிகை படிக்கச் சொன்னால் இவர்கள் வெண்பாவை விளையாடுகிறார்கள்" என்றார். பிறகு சற்றுக் கனிவோடு, "இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது அம்மா? யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று நாலு துணுக்கு எழுதலாம், அவ்வளவுதான்" என்றார். அனைவரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. மாணவி வேறு தலைப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீடு திரும்பும் வழியில் பேருந்தில் அந்தத் 'துணுக்கு' என்ற சொல் நம்மை விடாமல் உறுத்தியது. அக்கூட்டத்தில் நாம் சொல்லியிருக்க வேண்டியதும் சொல்லத் தவறியதுமே இக்கட்டுரை.

துணுக்கு என்றால் என்ன? பத்திரிகையில் கதை முடிந்து எஞ்சிய கால் பக்கத்தை நிரப்புவது. படப்பிடிப்பில் நடந்த வேடிக்கை, பாடலாசிரியர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே பல்லவி சொன்ன கதை ஆகியன அதன் இனம். படைப்பைப் படிக்க அது தேவையில்லை, படித்து முடித்தவர் கொறிப்பதற்கானது என்பதே பொதுக் கருத்து. தமிழ் இலக்கியம் பயின்றவர்கள் இக்கருத்தை ஏற்கலாகாது என்பது நம் துணிபு. காரணம், நம் தொல்லிலக்கியத்தில் ஒரு பகுதியைப் படிக்க முடிவதே துணுக்குகளின் தயவால்தான்.

புறநானூற்றில் பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் ஆகியவற்றைக் கூறும் குறிப்பு நிற்கும். 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடிகள். சென்ற மாதத்து நிலவொளியில் தந்தையும் இருந்தார், குன்றும் எம்மிடம் இருந்தது, இந்த மாதத்து நிலவொளியில் இரண்டும் இல்லை என்பதே பொருள். அதில் பாரி என்ற பெயர் இல்லை. பறம்பு என்ற பெயர் இல்லை. முற்றுகையிட்ட வேந்தர் இன்னார் என்பதும் இல்லை. அடியிலுள்ள குறிப்புதான் 'பாடியவர் பாரி மகளிர்' என்று நமக்குச் சொல்கிறது. அக்குறிப்பை நீக்கிவிட்டால் யாரோ இருவர் எதையோ இழந்த பாட்டாக அது மிஞ்சும். அழகு குறையாது என்று வாதிடலாம். ஆயினும் நம்மை வந்து தாக்கும் அந்தத் துயரம் குறிப்போடு சேர்த்தே வருகிறது. 'யார் பாடினார், எப்போது பாடினார்' என்ற துணுக்கு அங்கே பாட்டின் பாதி உயிராகிவிடுகிறது.

இனி, கணினி விளையாட்டுக்கு வருவோம். இக்கலைக்கும் ஒரு மூலநூல் உண்டு. 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' என்பது அதன் பெயர். 1975, 1976 ஆண்டுகளில் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 'எழுதப்பட்டது' என்ற வினையைத் தெரிந்தேதான் இடுகிறோம். அதில் படமில்லை, ஒலியில்லை. முழுதும் உரைநடை. நீங்கள் ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள், எதிரே செங்கல்லால் கட்டிய சிறு கட்டடம் இருக்கிறது என்ற அளவில் கணினி தாளில் அச்சிட்டுக் காட்டும். ஆடுபவர் ஓரிரு சொற்களைத் தட்டி விடையிறுப்பார். வடக்கே போ, விளக்கை எடு, உள்ளே நுழை. கணினி அடுத்த இடத்தை விவரிக்கும். வாசகரே நடந்து செல்லும் கதை என்று இதனைச் சொல்லலாம். பின்னாளில் வந்த சாகச விளையாட்டுகள் அனைத்துக்கும் 'அட்வென்ச்சர்' என்ற இதன் பெயரே இனப்பெயராகி நின்றுவிட்டது.

இதனை எழுதியவர் வில் கிரவுத்தர். பாஸ்டன் நகரை ஒட்டிய கேம்பிரிட்ஜில் பிபிஎன் என்னும் நிறுவனத்தில் நிரலாளராக இருந்தார். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையை 1969இல் கட்டியெழுப்பிய சிறு குழுவில் அவரும் ஒருவர். இது அவரது அலுவல். விருப்பமோ குகைகளில். அவரும் மனைவி பட்ரீசியாவும் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைப் பகுதியில் நிலத்தடிப் பாதைகளை ஊர்ந்தும் தவழ்ந்தும் அளந்து வந்தவர்கள். ஃபிளின்ட் ரிட்ஜ், மாமத் என்ற இரு பெருங்குகைகளும் நிலத்துக்குள் இணைகின்றனவா என்பது நெடுங்காலக் கேள்வி. 1972 செப்டம்பர் 9 அன்று ஆறு பேர் கொண்ட குழு அந்த இணைப்பைக் கண்டறிந்தது. அதன்மூலம் சுமார் 232 கிலோமீட்டர் நீளமுள்ள, அன்றைய உலகின் மிக நீண்ட குகைத்தொடர் என்று அது உறுதியாயிற்று. அந்த அறுவரில் பட்ரீசியா ஒருவர். பிறர் நுழைய இயலாத இடுக்கு ஒன்றில் மெலிந்த உடலை நுழைத்து அவர் கடந்ததே அப்பாதைக்கு வாசலாக அமைந்தது. சேறு படிந்த குறிப்பேடுகளில் இருந்த அளவைகளை இருவரும் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த டெலிடைப் எந்திரத்தின் வழியே அலுவலகக் கணினிக்குள் செலுத்தி வரைபடங்கள் ஆக்கினர். குகையும் கணினியும் ஒரே வீட்டில் குடியிருந்தன என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும்.

பின்னர் அந்த வீடு பிரிந்தது. மணமுறிவு. மனைவியோடு சேர்ந்து செய்துவந்த காரியம் ஆதலால் குகைக்குப் போவதும் சங்கடமாகி நின்றுபோயிற்று. இரு சிறு பெண்களையும் பிரிந்திருக்க நேர்ந்தது. அக்காலத்தைப் பற்றிக் கிரவுத்தர் பின்னாளில் கூறியிருப்பதன் சாரம் இதுதான்: பிள்ளைகளின் நினைவு வாட்டியது, குகையும் இல்லை, ஆகவே தாம் நடந்த குகையைக் கற்பனை கலந்து கணினியில் மீண்டும் கட்டி, அதைப் பிள்ளைகள் விளையாடத் தரலாம் என்று எண்ணினார். நண்பர்களோடு அவர் ஆடிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் வேடமேற்பு விளையாட்டும் அக்கற்பனைக்கு உரமிட்டது. கணினி அறியாத குழந்தைகள் அஞ்சக்கூடாது என்பதற்காகவே குறியீட்டுக் கட்டளைகளை விடுத்து, பேச்சுச் சொற்களால் ஆணையிடும் முறையை வகுத்தார். கணினியோடு இயல்பான சொற்களில் உரையாடி ஆடலாம் என்ற அந்தப் பெரிய அடியின் பின்னே இருந்தது ஒரு தகப்பனின் கவலைதான்.

இப்போது புறநானூற்று 112ஐ மீண்டும் நினைத்துப் பாருங்கள். அங்கே தந்தையையும் குன்றையும் இழந்த இரு மகளிர். இங்கே இரு மகளிரையும் குகையையும் பிரிந்த தந்தை. ஒப்புமைக்காக நாம் வலிந்து இழுக்கவில்லை. இழப்பைப் பேசும்போது மனிதர் இடத்தைப் பேசுகிறார்கள் என்பது நம் திணைக் கோட்பாட்டின் பாலபாடம். உரிப்பொருளை முதற்பொருளின் மேல் ஏற்றிச் சொல்வது நமக்குப் புதிதன்று. கிரவுத்தரின் நிரலில் பிரிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கம்பிக் கதவும், தவழ்ந்து போகும் பாதையும், மூடுபனி சூழ்ந்த கூடமும்தான் இருக்கின்றன. ஆயினும் அந்தக் குறிப்பை அறிந்தபின் அவ்விவரணைகளின் வறண்ட துல்லியம் வேறாகத் தெரிகிறது. திரும்பிப் போக முடியாத இடத்தைப் பிசகாமல் சொல்ல முயலும் குரல் அது.

துல்லியம் என்றது மிகையன்று. அதற்கு முன் கென்டக்கிக் குகையின் அப்பகுதிக்குப் போயிராத ஆர்வலர் ஒருவர், விளையாட்டைப் பலமுறை ஆடிய நினைவைக் கொண்டே முதல் முறையிலேயே உடன்வந்தவர்களுக்கு வழிகாட்டினார் என்று குகையாளர்கள் பதிவு செய்துள்ளனர். விளையாட்டில் வரும் 'ஒய்-2' என்னும் விளங்காப் பெயரும் குகையை அளந்தோர் பாறையில் இட்ட அளவைக் குறிதான். ஆடுபவர்கள் மந்திரம் என்று மயங்கிய பெயர் உண்மையில் நில அளவை. மந்திரமாகவே ஆக்கப்பட்ட சொல் ஒன்றும் உண்டு. எக்ஸ், ஒய், இரண்டு இசட், மீண்டும் ஒய் என்ற ஐந்தெழுத்துச் சொல் அது. விசித்திரமாகத் தோன்றவேண்டும், வாயால் ஒருவாறு சொல்லவும் வரவேண்டும் என்று எண்ணித் தாமே உண்டாக்கியதாகக் கிரவுத்தர் கூறினார்.

ஐந்தெழுத்து என்றதும் மற்றொரு செய்தி. அந்த பிடிபி-10 கணினியின் நினைவகத்தில் ஓர் அலகு 36 துகள்கள் கொண்டது. ஓர் எழுத்துக்கு ஏழு துகள்கள் என்றால் ஐந்தெழுத்துதான் அடங்கும். எனவே விளையாட்டு எந்தச் சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளையே பார்க்கும். ஆங்கிலத்தில் 'வடக்கு' என்பதும் 'வடகிழக்கு' என்பதும் முதல் ஐந்தெழுத்தில் ஒன்றே ஆதலால், வடகிழக்கைச் சுருக்கெழுத்தால் குறிக்கவேண்டும் என்று விளையாட்டே ஆடுபவரை எச்சரிக்கும். சீரும் தளையும் புலவனின் சொற்தேர்வைக் கட்டுவதைப் போல எந்திரத்தின் அளவு இந்நூலின் மொழியைக் கட்டியிருக்கிறது. யாப்பறியாதவன் பாட்டை முழுதும் அறியான் எனில், இதற்கும் அது பொருந்தும்.

இந்நூலுக்கு இரண்டாம் ஆசிரியர் ஒருவர் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர் டான் வுட்ஸ் 1976இல் இதன் படி ஒன்றைக் கண்டார். ஆசிரியர் பெயர் கிரவுத்தர் என்பது மட்டும் தெரிந்தது, முகவரி தெரியவில்லை. ஆகவே ஆர்பாநெட் வலையிலிருந்த கணினி ஒவ்வொன்றிலும் உள்ள 'கிரவுத்தர்' என்ற பெயருக்கு அஞ்சல் அனுப்பினார். ஓரிடத்திலிருந்து விடை வந்தது. இசைவும் மூல நிரலும் கிடைத்தன. 1977இல் வுட்ஸ் அதனை ஏறத்தாழ இருமடங்காக விரித்தார். 193ஆக இருந்த சொல்வளம் 293 ஆயிற்று. இடங்கள் 140 ஆயின. புதையல்களும் கடற்கொள்ளையனும் 350 புள்ளிக் கணக்கும் சேர்ந்தன. கிரவுத்தரின் குகையில் ஒன்றுபோலவே தோன்றும் வளைபாதைகளாலான சுழல்வழி ஒன்று இருந்தது. அதற்கு இணையாக வுட்ஸ் மற்றொன்றை அமைத்தார். அதில் ஒவ்வோரிடத்தின் விவரணையிலும் அதே சில சொற்கள் வரிசை மாறி நிற்கும். அந்த மாற்றத்தைக் கண்டுகொண்டவரே வழி அறிவார். பாடபேதத்தையே புதிராக்கிய வித்தை இது. 350 புள்ளிகளில் கடைசி ஒரு புள்ளியோ, குகையில் கிடைக்கும் ஒரு பத்திரிகையைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் கொண்டுபோய்ப் போட்டால்தான் கிட்டும். எந்தக் குறிப்பும் இல்லாத அந்த ஒற்றைப் புள்ளிக்காக இரவுகளைத் தொலைத்தவர் பலர்.

பரவியது வுட்ஸின் விரிவுதான். அதனை ஆடிய ஊக்கத்தில் எம்ஐடி மாணவர் சிலர் 'சோர்க்' என்பதை எழுதினர். அதனை ஆடி மயங்கிய ரோபர்ட்டா வில்லியம்ஸ், கணவரோடு சேர்ந்து 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்னும் படமுள்ள சாகச விளையாட்டை ஆக்கினார். இதற்கிடையே கிரவுத்தரின் மூலம் காணாமற்போயிற்று. மூலம் மறைந்தால் கர்ணபரம்பரை தோன்றும் அல்லவா? கிரவுத்தர் ஆக்கியது வெறும் குகை மாதிரிதான், மாயமும் குள்ளர்களும் வுட்ஸ் சேர்த்தவை என்ற கதை நிலைபெற்றது. நூல்களும் அதையே சொல்லின.

அக்கதையைத் தகர்த்தவர் கணினி வல்லுநர் அல்லர். டென்னிஸ் ஜெர்ஸ் என்ற ஆங்கில இலக்கியப் பேராசிரியர். அவரது தேடலின் விளைவாக, ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் பழைய மாணவக் கணக்கின் காப்புப் படியிலிருந்து கிரவுத்தரின் மூல நிரல் 2005இல் மீண்டும் கிடைத்தது. சுமார் 700 வரி ஃபோர்ட்ரான் நிரல், அதனோடு ஏறத்தாழ அதே அளவு தரவு. கோடரி எறியும் குள்ளர்களும் அந்த மந்திரச் சொல்லும் அதிலேயே இருந்தன. ஜெர்ஸ் அத்தோடு நிற்கவில்லை. குகைக்குள்ளேயே இறங்கி, நிரலின் விவரணைகளை இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2007இல் விரிவான ஆய்வுரையை வெளியிட்டார். சிந்தாமணி ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரின் மாணாக்கர் பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இக்காட்சி புதிதா என்ன? படி தேடுதல், மூலத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறிதல், பாட்டில் வரும் ஊரை நிலத்தில் தேடுதல் யாவும் நம் தொழில். அதனை ஒருவர் விளையாட்டுக்குச் செய்து காட்டினார். நாம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு மறுப்பு எழும். பிரதியைப் பார், ஆசிரியனைப் பார்க்காதே என்று தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் உரக்கச் சொல்லின. அதில் நியாயமும் உண்டு. கிரவுத்தரின் துயரத்தை அறியாமலேயே உலகம் அவ்விளையாட்டை ஆடி மகிழ்ந்தது. மேலும், அடிக்குறிப்புகள் எல்லாம் நம்பத் தக்கவையும் அல்ல. புறநானூற்றுக் குறிப்புகளில் சில பாட்டிலிருந்தே பிற்காலத்தார் ஊகித்து எழுதியவை என்ற ஐயம் அறிஞரிடையே உண்டு. பாரி மகளிர் குறிப்பும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று. ஆனால் இந்த ஐயமே நம் கட்சிக்கு வலு. துணுக்கு தன்னளவில் சான்று ஆகாது. சோதித்தால் ஆகும். குள்ளர்களைச் சேர்த்தவர் வுட்ஸ் என்பதும் துணுக்குதான், மூலப்படி கிடைத்ததும் பொய்த்துப்போயிற்று. ஒய்-2 அளவைக் குறி என்பதும் துணுக்குதான், குகையாளர் சொல்ல நிலைத்தது. சோதிக்க ஆள் இல்லாதவரை எல்லாம் வம்பு. சோதிப்பவர் வந்தால் வரலாறு. அவரை உருவாக்கும் இடம் கல்லூரி அல்லாமல் வேறு எது?

நம் ஊர்ச் சுவரே இதற்குச் சாட்சி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு இருப்பதைப் பலர் அறிவர். ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. முதலாவது, வாரியங்களுக்குத் தெரிந்தெடுக்கப்படுவோரின் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்கிறது. இரண்டாவது அதனை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று திருத்துகிறது. தகுதிகளையும் தகுதியின்மைகளையும் இன்னும் விரிவாக வகுக்கிறது. திருத்திய விதி வந்தபின் பழையது நடைமுறைக்குத் தேவையில்லை. ஆயினும் அதனை யாரும் கொத்தி அழிக்கவில்லை. அழித்திருந்தால் நமக்கு விதி ஒன்று கிடைத்திருக்கும், அவ்விதி உருவான கதை கிடைத்திராது. ஈராண்டில் சபையார் எதையோ பட்டறிந்து விதியை மாற்றினர் என்ற செய்தி, இரு கல்வெட்டுகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத்தான் புலப்படும். மாணவர்களை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் சென்று இதையே பெருமையோடு விளக்குகிறோம். அதே மாணவர் தம் காலத்துப் படைப்பின் முதற்படியைக் கேட்டால் துணுக்கு என்கிறோம்.

இனி அந்த மாணவியின் 'வெண்பா'. டொரண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு, அபி என்ற தமிழரின் வடிவமைப்பில் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து தமிழிலிருந்து நழுவும் மகன் கவின் ஆகியோர் கதை. விளையாட்டின் புதிர் யாது? தாய் விட்டுச்சென்ற சமையல் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. எழுத்து அழிந்த இடங்களில் எது இருந்திருக்கும் என்று ஊகித்துச் சமைக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும், புட்டுக் குழலில் எது முன், எது பின் என்பனவே கேள்விகள். ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டி, பொருள் நோக்கிப் பாடம் தேறுவதை நாம் பதிப்பியல் என்கிறோம். அதனை ஒரு தாய் அடுப்படியில் செய்கிறாள். தாய்மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் மகன் பின்பு செய்ய முயல்கிறான். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தமிழ்த்துறை ஒன்று கேட்டது.

கிரவுத்தரின் நிரல் தொலைந்து மீளச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆயின. மீண்டது தற்செயல். வுட்ஸின் கணக்கு அழிக்கப்பட்டிருந்தால் மீண்டிராது. தமிழ் எழுத்துரு ஆக்கியோர், இணையத்தில் முதன்முதல் இதழ் நடத்தியோர், இன்று தமிழ் வாழ்வை விளையாட்டாக ஆக்குவோர் ஆகியோருள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு ஒரு மாணவி முன்வந்தாள், நாம் சிரித்து அனுப்பினோம்.

அவருக்கு இன்னும் ஒரு பருவம் எஞ்சியிருக்கிறது. தலைப்பை மாற்றிக்கொள்ள விதியில் இடமிருக்கிறதா என்று பார்த்தோம், இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவரது பழைய தாளை நாமே எடுத்து வைக்கப்போகிறோம். மூத்தவர் மீண்டும் துணுக்கு என்பாராயின், அவரை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று 919ஆம் ஆண்டுக் கல்வெட்டை எதற்காக வைத்திருக்கிறோம் என்று கேட்பதாக உத்தேசம்.